வேலிக்கு அப்பால் எறிந்த பால்

மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில், 1984ஆம் ஆண்டின் ஒரு குளிர்ந்த காலை. இடைவேளை மணி அடித்து ஐந்து நிமிடங்கள்கூட ஆகவில்லை. பால் பொறுப்பாசிரியர் சுப்பிரமணியம் அதற்குள் மூன்று முறை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். அரசாங்கம் வழங்கும் பெட்டிப் பாலை மாணவர்கள் உறிஞ்சிக்கொண்டிருந்தனர். குளிரில் சில்லிட்ட பால் பல்லைக் கூசச் செய்ததால் பலர் பாதியிலேயே நிறுத்திவிட்டனர்.

மறுநாள் பள்ளி மேற்பார்வையாளர் வருகிறார். சென்ற முறை குப்பைத்தொட்டியில் புளித்த பாலையும் எறும்புச் சாரியையும் கண்டு அவர் முகம் சுளித்ததை ஆசிரியரால் மறக்க இயலவில்லை.

"மணி அடிச்சதும் ஸ்கூல்ல ஒரு பால் பெட்டிகூட இருக்கக் கூடாது. மத்த நாள் மாதிரியேதான். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்!"

வழக்கம்போலப் பாதி குடித்த பெட்டிகள் வேலியைத் தாண்டிப் பறந்து, தேயிலைச் செடிகளுக்குள் மறைந்தன. ஆசிரியர் பார்த்தார், பாராதவர்போல் திரும்பிக்கொண்டார்.

பள்ளி முடிந்த வேளையில், கொழுந்து வெட்டும் பவளம் கூடையோடு வாசலில் வந்து நின்றார். அவருக்கு முன்பே புளித்த நெடி வந்து சேர்ந்தது.

"வணக்கம் வாத்தியாரே. இத கொஞ்சம் மோந்து பாருங்க."

"என்னம்மா இது?"

"கத்தரியில வெட்டிக்கிட்டே வரேன், செடிக்குள்ள கெடந்த பெட்டி மாட்டி உடைஞ்சிருச்சு. அது தெரியாம கூடையில கொட்டிட்டேன். 'இது தேத்தண்ணிக்கா, தயிருக்கா'ன்னு கேட்டு எடைக் கணக்கு எழுதுற கிராணி மொத்தத்தையும் தள்ளிட்டாரு. இன்னிக்கு எனக்குச் சம்பளம் இல்ல."

"வேலிக்கு வெளியில நடக்குறதுக்கு நான் என்னம்மா பண்றது?"

"வேலி உங்க ஸ்கூலுக்குத்தான் சார். என் கைக்கு ஏது வேலி? இப்பத்தான் எம் மவ செல்லத்துகிட்ட கேட்டேன். 'சார்தான் ஸ்கூல்ல இருக்கக் கூடாதுன்னாரு'ங்குது. சொன்னத கேட்ட புள்ளைய நான் எப்படி அடிக்கிறது?"

ஆசிரியர் கூடையை வாங்கிக்கொண்டு எடை போடும் கொட்டகைக்கு நடந்தார்.

கிராணி காளிமுத்து சிரித்தார். "என்ன சார், வாத்தியார் வேலைய விட்டுட்டு மலைக்கு வந்துட்டீங்களா?"

"தப்பு என்னோடது. பெட்டி பறந்ததைக் கண்ணால பாத்தும் பேசாம இருந்தேன். இந்தம்மா சம்பளத்த வெட்டாதீங்க."

கிராணியின் சிரிப்பு நின்றது. "கொழுந்து போனது போனதுதான்லா. வேலைக்கு வந்ததா எழுதி நாள் சம்பளம் போட்டுடுறேன். இன்னொரு தடவ கொழுந்துல பால் வந்தா துரைகிட்டதான் போவணும்."

அன்று மாலை ஆசிரியரே தேயிலைக்குள் இறங்கி, அகப்பட்ட பெட்டிகளையெல்லாம் பொறுக்கினார்.

மறுநாள் வெந்நீர்த் தொட்டியில் வைத்து வெதுவெதுப்பாக்கிய பாலைப் பெரும்பாலோர் குடித்து முடித்தனர். மிஞ்சியது மாட்டுத் தவிட்டில் கலக்கவென ஒரு வாளியில் சேர்ந்தது. நாற்றங்காலில் கன்று வளர்க்கவெனக் கழுவிய பெட்டிகள் கம்பியில் வரிசையாகக் காய்ந்தன.

தமக்கு அளித்த பெட்டியைக் கையில் பிடித்தபடி மேற்பார்வையாளர் கேட்டார்: "இது என்ன ஸ்கூலா, டோபி கடையா?"

சுப்பிரமணியம் முன்னால் வந்தார். "மன்னிக்கணும் சார். குப்பைய வேலிக்கு வெளிய தள்ளிட்டு, ஸ்கூல் சுத்தமா இருக்குன்னு இத்தன நாளா நெனச்சேன். நம்ம கண்ணுக்குத் தெரியாத எடத்துல போட்டா அது சுத்தம் இல்ல சார். இன்னொருத்தர் கையில ஒட்டப்போற அழுக்கு."

மேற்பார்வையாளர் தம் பெட்டியைக் குலுக்கிப் பார்த்தார். பாதி மிச்சம் இருந்தது. அதைக் குடித்து முடித்துவிட்டு, கழுவும் இடம் எங்கே என்று செல்லத்திடம் கேட்டார்.