அம்பலவாணர் வளவின் கறுப்பு மண்

இதை நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம். அறுபத்தொன்றா, அறுபத்திரண்டா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் கிண்டினால் முருகைக்கல்லைத் தவிர எதுவும் வராத எங்கள் தீவின் இறுப்பிட்டியில், அம்பலவாணரின் வீட்டு வளவில் மட்டும், ஒரு காலையில் இடுப்பளவு ஆழத்துக்குக் கறுப்பு மண் வந்திருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த விவசாய உத்தியோகத்தர் ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துப் பார்த்து, இது இலங்கை மண் இல்லை என்று சொல்லிவிட்டு, கூழ் குடித்துப் போனார்.

எங்கிருந்து வந்தது என்பதில் அம்பலவாணருக்குக் குழப்பம் இருக்கவில்லை. கொழும்பில் கிளாக்கராக இருந்தவர், சிங்களம் மட்டுமே அரச மொழி என்றானபோது, சிங்களச் சோதினை எழுத மாட்டேன் என்று ஐம்பத்தாறில் வேலையை எறிந்துவிட்டு ஊருக்கு வந்தார். எண்பது வருடங்களுக்கு முன் ரஷ்யச் சக்கரவர்த்தி ஒருவன் உக்ரேனிய மொழியில் புத்தகம் அச்சிடத் தடை போட்டான் என்று அந்த வருடமே எங்கோ வாசித்தார். அதற்குப் பிறகு வேறெதையும் வாசிக்கவில்லை. கனடாவில் குடியேறிய உக்ரேனியரின் கழகம் ஒன்றுக்கு எழுதி, இலக்கணமும் அகராதியும் வரவழைத்து, அந்த மொழியைத் தனியாகக் கற்று, அதன் சரித்திரத்தையும் இலக்கியத்தையும் தமிழில் எழுதத் தொடங்கினார். உக்ரேனின் கறுப்பு மண்ணையும் அதன் உழவர்களையும் பற்றிய அத்தியாயத்தை முடித்த மறுநாள் மண் வந்தது. யாரும் விதைக்காமல் அதில் கோதுமை முளைத்தது.

ஊருக்கு அவரைப் பிடிக்காது. அவருக்கும் ஊரைப் பிடிக்காது. வேலிக்கு அந்தப் பக்கம் தங்கை சத்தியபாமாவின் வீடு. அவளுடைய கணவன் அரியநாயகம் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர், கம்யூனிஸ்ட், கடைச் சீனியில் ஒரு கரண்டியும் வீட்டுக்குக் கொண்டுவராத மனிதர். முப்பத்திரண்டிலும் முப்பத்துமூன்றிலும் உக்ரேனிய உழவரின் தானியத்தைச் சோவியத் அரசு பறித்து இலட்சக்கணக்கானோரைப் பட்டினியால் சாகவிட்டது என்று அம்பலவாணர் எழுதினார். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று அரியநாயகம் கடை வாசலில் நின்று சொன்னார்.

"மச்சான், உமக்கு வேலை போன கோவத்தில ஆரோ ஒருத்தன்ர பிணத்தைத் தூக்கிக்கொண்டு திரியிறீர்."

"பிணமெண்டாவது ஒத்துக்கொண்டீரே" என்றார் அம்பலவாணர்.

அதன்பின் பத்து வருடங்கள் இருவரும் பேசவில்லை. வேலி மட்டும் வருடாவருடம் புதிதாக அடைக்கப்பட்டது.

எழுபத்துமூன்றில் பங்கீட்டுக் கூப்பன் அரிசி குறைந்தது, கோதுமை மா இல்லை, பாண் ரொட்டிக்கு வரிசை. அம்பலவாணரின் களஞ்சியம் நிரம்பியிருந்தது. கோதுமையை அவர் விற்கவில்லை. கேட்டவர்களுக்குச் சும்மா கொடுத்தார். ஆனால் வாசல் படலையில் நின்று, அந்த உக்ரேனியப் பஞ்சம் நடந்தது என்று வாயால் சொல்ல வேண்டும். ஊர் வரிசையில் வந்து சொன்னது. சிவக்கொழுந்து சொன்னாள்: "ஓம் அண்ணை, நடந்தது. வேணுமெண்டால் இரண்டுதரம் நடந்ததெண்டும் சொல்லுறன். கடகத்தை நிரப்புங்கோ." அவள் சிரிப்பது தெரிந்தும் அவர் நிரப்பினார்.

சத்தியபாமாவும் போய்ச் சொன்னாள். அவர் கொடுக்கவில்லை. "நீ எப்ப இல்லையெண்டனி? உன்ரை மனுசனை வரச்சொல்லு. ஒரு சொல்லு. மூட்டையாய்த் தாறன்."

அரியநாயகம் போகவில்லை. "பசியில சொல்லுறது சாட்சியே?" என்று மனைவியிடம் கேட்டார். அது நியாயமான கேள்வி என்றுதான் எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது. அவர்கள் மரவள்ளிக்கிழங்கு தின்றார்கள், பிறகு அதுவும் இல்லை. இளைய மகள் லலிதாம்பிகைக்குக் கால் வீங்கியது. வேலிக்கு மேலால் அந்தக் காலைப் பார்த்த அம்பலவாணருக்கு அது என்ன வீக்கம் என்று உடனே தெரிந்தது. தன் பஞ்ச அத்தியாயத்தில் அதை அவரே விவரமாக எழுதியிருந்தார். உள்ளே போய்க் களஞ்சியத்தைப் பூட்டினார்.

சத்தியபாமா இன்னொரு முறை படலைக்கு வந்தாள். கடகம் கொண்டுவரவில்லை.

"அண்ணை, அங்கை களஞ்சியத்துக்கு முன்னால துவக்குப் பிடிச்சுக் காவல் நிண்டவங்களுக்கு உங்கட புத்தகத்தில பேர் இருக்கோ?"

"இல்லை."

"அப்ப உங்கட பேரை எழுதுங்கோ."

மறுநாள் காலை கறுப்பு மண் முழுவதும், விளைந்த கோதுமையோடு, சத்தியபாமாவின் வளவில் கிடந்தது. அம்பலவாணர் வளவில் வெள்ளை முருகைக்கல். வேலியில் ஒரு கதியால் தடியும் அசையவில்லை. நில அளவையாளர் சங்கிலி பிடித்துப் பார்த்து அதை உறுதிசெய்தார். அரியநாயகம் கோதுமையை வெட்டி, வீட்டுக்கு ஒரு பங்கு வைத்து, மிச்சத்தைச் சங்கக்கடையில் கூப்பனுக்கு நிறுத்துக் கொடுத்தார். யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அது ரஷ்ய மண் என்று மட்டும் அவர் சொல்லிக்கொண்டார். அம்பலவாணர் தன் பங்கை வாங்க வரவில்லை.

அம்பலவாணர் எழுபத்தொன்பதில் இறந்தார். புத்தகத்தில், களஞ்சியம் காத்து நின்றவர்களுக்குள் தன் பெயரை மட்டும் எழுதியிருந்தார். அச்சகத்தார் பிழை என்று அதை நீக்கிவிட்டார்கள். புத்தகத்தை வாங்கியவர்கள் யாரென்று தெரியாது. சத்தியபாமா செத்தவீட்டுக்குப் போனாள், அங்கே தண்ணீர் குடிக்கவில்லை. அரியநாயகம் வேலையிலிருந்து இளைப்பாறி வவுனியாவில் மகனோடு இருக்கிறார். அந்தப் பஞ்சம் நடந்தது என்று இதுவரை சொல்லவில்லை. லலிதாம்பிகைக்குக் கால் சுகமாகி, மண்கும்பானில் கலியாணம் செய்திருக்கிறாள். மண் அங்கேயே கிடக்கிறது. இப்போது அதில் மிளகாய் வைக்கிறார்கள். காய்ப்பு நல்லது, உறைப்புத்தான் போதாது.