மூன்றாம் நாள் மதியம்

பரிசோதனைக்கு எடுத்துப்போன மண், மூன்றாம் நாள் மதியம் பையை அவிழ்த்துக்கொண்டு எடுத்த இடத்துக்கே நடந்து திரும்பிவிடும். எங்கள் தெரு வழியாகத்தான் போகும், ஓரமாக. இந்தத் தெருவில் ஓரமாகப் போகத் தெரிந்த ஒரே ஜீவன் அதுதான். எதிர்வீட்டு மண் டாக்டரம்மா மண் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த வருஷம் ஆரம்பித்தது இது. அலுவலகம் பதறவில்லை; ‘வெளியேறிய மாதிரிகள்’ என்று ஒரு பதிவேடு திறந்து கடமையை முடித்துக்கொண்டது. எதிர்வீடு என்பதால் மற்றதும் காதில் விழும். “ஊர் மண்ணெல்லாம் உன் கால்ல ஒட்டிக்கிட்டு வருது, பெருக்கறது நானா?” என்பார் மாமியார். “மூணு நாள் பொறுங்க அத்தை, அதுவே போயிடும்.” போய்விடும்தான்.

உரத்தைக் குறைத்து, பசுந்தாளாகச் சணப்பு விதைத்து மடக்கி உழுங்கள் என்று சின்ன விவசாயிகளிடம் டாக்டரம்மா பதினெட்டு வருஷம் சொன்னார். கேட்டவர்களை எண்ண ஒரு கை போதும், அதிலும் விரல் மிஞ்சும். அப்புறம் நாற்பது வயல்களுக்கு ஒரே வாரத்தில், எந்த உரம் எவ்வளவு என்று சொல்லும் மண் அட்டை கொடுக்கும்படி உத்தரவு வந்தது. மேலதிகாரியின் ஆட்கள் காலையில் கிளம்பி, சாப்பாட்டு நேரத்துக்குள் நாற்பது பைகளோடு திரும்பினார்கள். வேர்வைகூட இல்லை, அவ்வளவு திறமை. நாற்பதிலும் ஒரே முடிவு: யூரியாவைக் கூட்டு.

அட்டைக்காக அரை ஏக்கர்க்காரி ஒருத்தி வந்து நின்றாள். இரண்டு போகம் கருகியிருந்தது. “இதுவும் போச்சுன்னா நிலத்தை வித்துட்டுப் போறதுதான்மா. ஆனா என் வயல்ல குழி ஒண்ணும் காணோமே?”

“பூமி எல்லாம் ஒண்ணுதானேம்மா, கையெழுத்துப் போடுங்க. பதவி உயர்வு வேணாமா?” என்றார் மேலதிகாரி.

“மூணு நாள் பொறுங்க சார்.”

மூன்றாம் நாள் மதியம் நாற்பது பை மண்ணும் ஒரே வரிசையில் புறப்பட்டது. வேலைவெட்டி இல்லாததால் நாங்களும் பின்னால் போனோம். நேரே மேலதிகாரி வீட்டு ரோஜாப் பாத்திக்குள் போய்ப் படுத்தது. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி ஒதுங்கி வழிவிட்டார். “யாருடா தோண்டுனதுன்னு பாத்துட்டிருந்தேன். வந்துடுச்சு, பாவம்.”

டாக்டரம்மா அரை ஏக்கரில் தானே ஐந்து இடம் தோண்டினார். மண் அமிலம் ஏறிப் புளித்திருந்தது, யூரியா இன்னும் விழுந்திருந்தால் அதோடு சரி. சுண்ணாம்பும் சணப்பும் போட்டு இரண்டு வருஷத்தில் நிலம் எழுந்தது, அவள் விற்கவில்லை. பதவி உயர்வு, நியாயமாக, மேலதிகாரிக்குப் போனது.

ஓய்வுபெற்ற மூன்றாம் நாள் மதியம் டாக்டரம்மா செருப்பைக்கூடத் தேடாமல் எழுந்து, அரை ஏக்கர் இருக்கும் திசையில் நடந்தார். ஓரமாகத்தான். மாமியார் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டுக் கதவை அகலத் திறந்துவைத்தார். நாங்கள் சைக்கிள்களை நகர்த்தி வழிவிட்டோம்.