நீலப் பெட்டியில் இருந்தது

முதல் நாள் ரத்தப் பரிசோதனைக்கு நாற்பத்திரண்டு பேர் கையை நீட்டினார்கள். இரண்டாம் நாள் ஆறு பேர். மூன்றாம் நாள் ஒருவர்கூட இல்லை. இருமல் மருந்துக்கும் கண் சொட்டுக்கும் வரிசை, முகாம் நடந்த பள்ளிக்கூடத்தின் வாசல்வரை நீண்டது. நான் மட்டும் என் மேசையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன்.

நான் லேப் டெக்னீஷியன். வருடம் முழுக்க நகரத்து ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறவள். அதில் ஐந்து நாள் லீவு போட்டுவிட்டு, எங்கள் கிறிஸ்தவ சபை கிராமங்களில் நடத்தும் மருத்துவ ஊழியத்துக்கு வருவேன். டாக்டர் என்று ஒருவர் மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தாலே பெரிய விஷயமான ஊர் இது. எங்களைத் தலையில் தூக்கிவைத்து ஆடவேண்டாம், கையையாவது நீட்டலாம் இல்லையா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சந்தேகப்படுவது என் பிறவிக்குணம். யாரோ எதையோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். அது யார் என்றும் நானே முடிவு கட்டினேன். எட்டு மாதக் கர்ப்பிணியான மருமகளைத் தினமும் அழைத்துவந்து, என் மேசையைக் கண்டதும் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற மாமியார்தான். செங்கல் சூளையில் சுமை தூக்குகிறவள். ஐம்பது வயதிலும் தோள் இரண்டும் பலகை மாதிரி இருக்கும்.

மருமகளின் கீழிமையை இழுத்துப் பார்த்த எங்கள் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "எப்படியாவது இந்தப் பொண்ணுக்கு ரத்தம் பாத்துடுங்க. இப்படியே பிரசவத்துக்குப் போனா தாங்காது."

சோறு போடாமல் வதைக்கிறாளோ? மகன் வெளியூர் வேலையில் இருக்கிறான், கேட்க நாதியில்லை. ரத்தம் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்றுதான் ஒளிக்கிறாள். இப்படி எனக்குள்ளேயே வழக்கு நடத்தித் தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

நான்காம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போனேன். தகரக் கூரை, ஒரே அறை. மருமகள் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். மாமியார் வாசலை மறித்தாள்.

"எதுக்கு வந்தே?"

"ஒரே ஒரு சொட்டு ரத்தம் பாக்கணும்க்கா. எவ்வளவு இருக்குன்னு சொல்லிடுவேன்."

"எடுக்குறதையும் எடுத்துட்டு கம்மியா இருக்குன்னு சொல்வே. அவளே வெளிறிப்போய்க் கெடக்குறா. அதுலயும் பங்கு கேக்குறியா?"

"பங்கா? நான் என்ன குடிக்கவா போறேன்?"

"குடிச்சியே."

சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நின்றது.

"மொத நாள் விடிஞ்சதும் பள்ளிக்கூடத்துல எல்லாரும் உக்காந்திருந்தீங்க. உங்க சபைப் பெரியவர் கோப்பையைத் தூக்கி ரத்தம்னு சொன்னாரு. ஆளுக்கு ஒரு வாய் குடிச்சீங்க. நாலு பேர் சன்னல்ல நின்னு பாத்தோம். சரி, அவங்க சாமி காரியம்னு விட்டேன். அப்புறம் நீ ஊர் சனத்துகிட்ட ரத்தம் எடுத்து நீலப் பெட்டியில வச்சே. மத்தியானம் அதே பெட்டியைத் தொறந்து, செவப்பா ஒரு பாட்டிலை எடுத்து மடக்கு மடக்குனு குடிச்சே. இல்லன்னு சொல்லு பாப்போம்."

இல்லையென்று எப்படிச் சொல்வது? காலை ஆராதனையின் திருவிருந்தில் மிஞ்சிய திராட்சை ரசம் அது. வெயிலில் கெட்டுவிடுமே என்று ரத்த டியூப்கள் இருந்த நீல ஐஸ் பெட்டியில் நான்தான் வைத்தேன். லேப்பில் வேறு யாராவது அப்படிச் செய்திருந்தால் வானத்துக்கும் பூமிக்கும் குதித்திருப்பேன். பட்டிக்காட்டில் யார் கேட்கப்போகிறார்கள் என்ற இளக்காரம்தான், வேறென்ன. வெட்கமாக இருந்தது.

"அது திராட்சை ஜூஸ்க்கா. கோப்பையில இருந்ததும் அதுதான்."

"அப்புறம் ஏன் ரத்தம்னு சொன்னாரு?"

பிறந்ததிலிருந்து சபைக்குப் போகிறவள் நான். "எங்களுக்காக ஒருத்தர் ரத்தம் சிந்தினாரு. அதை நெனச்சுக் குடிப்போம்" என்று முனகினேன். அவள் முகம் மாறவில்லை.

அப்போதுதான் அடுப்போரம் இருந்த இரண்டு தட்டுகளைப் பார்த்தேன். ஒன்றில் உரித்த முட்டைகளும் பேரீச்சம்பழமும். மற்றதில் காய்ந்த ரொட்டி.

"முட்டை எனக்குத்தான். அத்தை தொடக்கூட மாட்டாங்க" என்றாள் மருமகள். "எனக்குத்தான் தொண்டையில இறங்கல."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"உங்க கண்ணு முன்னால இந்தப் பரிசோதனைப் பட்டையில ஒரு சொட்டு வைக்கிறேன்க்கா. பாத்ததும் பட்டையை நீங்களே வச்சுக்குங்க."

மாமியார் வாய் திறப்பதற்குள் மருமகள் விரலை நீட்டிவிட்டாள். கருவி ஹீமோகுளோபின் நாலு புள்ளி ஆறு என்று காட்டியது. குறைந்தது பதினொன்று இருக்கவேண்டும் என்றேன். மாமியார் பட்டையைப் பிடுங்கி மடியில் முடிந்துகொண்டு, "உங்க வண்டியை எடுக்கச் சொல்லு" என்றாள்.

இரண்டு மணி நேரப் பயணம். பெரிய ஆஸ்பத்திரியில் உடனே ரத்தம் ஏற்றவேண்டும் என்றார்கள். கையிருப்பில் பொருந்துகிற ரத்தப் பை இருந்தது, ஆனால் பதிலுக்கு யாராவது கொடுக்கவேண்டும். நான் போன மாதம்தான் கொடுத்திருந்தேன், என்னைச் சேர்க்கமாட்டார்கள்.

"என்னோடது ஆகுமா?" என்றாள் மாமியார்.

"ஆகும். ஆனா உங்களோடது பெட்டிக்குள்ள போகும். பெட்டியில இருக்குறது உங்க மருமகளுக்கு வரும்" என்றார் ரத்த வங்கிக்காரர்.

எதற்குப் பயந்தாளோ அதையே இந்த ஆள் கேட்கிறார். இவள் எழுந்து போய்விட்டால் அந்தப் பெண் கதி? மாமியார் அங்கிருந்த ரத்த வங்கி ஐஸ் பெட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அப்புறம் கட்டிலில் ஏறிப் படுத்து, கையை நீட்டினாள்.

"எடு. பெட்டி கிட்ட இவ மட்டும் போகக்கூடாது."

பை நிரம்பும்வரை அவள் என்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. நானும் சுவரோரமாகவே நின்றேன். எதிர் அறையில் மருமகளுக்கு முதல் சொட்டு இறங்கியதைக் கதவு வழியே பார்த்த பிறகுதான் எழுந்து உட்கார்ந்தாள்.

ரத்தம் கொடுத்தவர்களுக்கு வழக்கமாகத் தருவது போல ஆயா ஒரு கோப்பையை அவள் கையில் வைத்துவிட்டுப் போனாள். திராட்சை ஜூஸ். கருஞ்சிவப்பாக இருந்தது.

மாமியார் மோந்து பார்த்தாள். பிறகு கோப்பையை என் பக்கம் நீட்டினாள்.

"நீ மொதல்ல குடி."

ஒரு வாய் குடித்தேன். தொண்டையில் இறங்குகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தாள். கோப்பையைத் திரும்ப வாங்கி நாக்கு நுனியில் தொட்டாள். பிறகு ஒரு மிடறு குடித்தாள்.

"இனிப்பாத்தான் இருக்கு" என்றாள். மிச்சத்தைக் குடிக்காமல், கோப்பையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். "முட்டைதான் இறங்கல. இது அவளுக்கு இறங்கும்ல?"