நகராத மேடு

மலைமேல் கியா பார்ம் சந்தையில் தக்காளி விற்கிற குடும்பம் எங்களுடையது. கூடையின் மேல்வரிசையில் பளபளப்பான பழங்களை அடுக்க எனக்கு ஏழு வயதிலேயே தெரியும். படித்து, நிரல் எழுதப் போன பிறகும் கை அதைத்தான் செய்தது.

சின்னக் கருவிகளில் ஓடும் ஓர் இயங்குதளம். பல நாட்டுக்காரர்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து எழுதுவது. அதன் கணித நூலகத்தில் பல சார்புகள் இல்லாமலே இருந்தன. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சனி ஞாயிறில் பதினொன்றை நான் நிரப்பினேன். அதில் ஒன்று, ஒன்றோடு மிகச் சிறிய எண்ணைக் கூட்டி மடக்கை எடுப்பது. அந்தச் சிறிய எண் கூட்டும்போது தொலைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான் அப்படி ஒரு சார்பு தனியாக இருக்கிறது. ஒழுங்காக எழுத ஒரு வாரமாவது ஆகும். நான் ஒரே வரியில் கூட்டி முடித்தேன். லாரி நிறுக்கும் தராசில் ஒரு மிளகாயைப் போட்டுவிட்டு முள்ளைப் பார்ப்பது போன்ற வேலை. தெரிந்தேதான் செய்தேன். சோதனைக்குப் பெரிய எண்களாகப் பொறுக்கிக் கொடுத்தேன், எல்லாம் தேறின. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்கள்.

போன மாதம் ரூபினி கடைக்கு வந்தாள். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லைனில் வளர்ந்து, பொறியியல் படிக்கிற பெண்.

"கோகிலன் அண்ணே, என் வயரிங்ல ஏதோ தப்பு போலருக்கு. கொஞ்சம் வந்து பாருங்கலா."

லைன் வீடுகளுக்குப் பின்னாலுள்ள மேடு சரிகிறதா என்று அறிய, அதில் முளையடித்து, கம்பி இழுத்து, அது நீள்கிறதா என்று நிமிடத்துக்கொரு தடவை பார்க்கும் பெட்டியை வைத்திருந்தாள். மூன்று மாதமாகப் பெட்டி காட்டியது சுழியம். அவள் அப்பா தங்கராஜுவோ அடுப்படிச் சுவர் விரிசலில் இப்போது விரலே போகிறது என்கிறார். தோட்டத்து மேனேஜர் பெட்டியைக் காட்டி, லைனில் இருந்த ஆறு குடும்பங்களையும் அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார்.

"ஏன் இந்த சிஸ்டத்த எடுத்த?" என்றேன்.

"எழுதுனவங்க லிஸ்ட்ல உங்க பேரு இருந்துச்சு. நம்ம ஊரு ஆளாச்சேன்னு எடுத்தேன்."

மேட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்ததுமே புரிந்துவிட்டது. ஒரு நிமிடத்தில் கம்பி நீள்வது மிக மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை, அவள் நிரல் அழைத்த என் மடக்கை வரி ஒவ்வொரு தடவையும் சுழியமாக்கியது. அவள் நிரல் சுழியங்களைப் பொறுப்பாகக் கூட்டிவைத்திருந்தது.

வயரிங்கைப் பார்ப்பது போல் பத்து நிமிடம் நடித்தேன். சத்தமில்லாமல் திருத்திவிடலாம். ஆனால் எண் திடீரென்று குதித்தால், பெண் பெட்டியைக் குடைந்துவிட்டாள் என்பார் மேனேஜர். பழி அவளுக்கு, நான் தப்பித்துக்கொள்வேன். அந்த யோசனை கொஞ்ச நேரம் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

"வயரிங் நல்லாதான் இருக்கு. தப்பு என்னோடது," என்றேன்.

விளக்கமாகச் சொன்னேன். அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு, "ஆபீஸ்ல வந்து இதையே சொல்லுங்க," என்றாள். இந்தத் தடவை "அண்ணே" இல்லை.

மேனேஜரிடம் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"இவ்ளோ நாள் காட்டுனது பொய்னா, நீ இனிமே திருத்திக் காட்டுறது மட்டும் நெசமா?"

பேரம் பேசி வளர்ந்தவன். அன்று பேரத்தை விட்டுவிட்டேன்.

"என்ன நம்ப வேணாம் சார். டேப்ப எடுத்துட்டு வாங்க. முளையிலேருந்து பெட்டி வரைக்கும் நீங்களே அளங்க."

அளந்தார். பெட்டி வைத்த அன்று ரூபினி குறித்திருந்த நீளத்தைவிட நாலு சென்டிமீட்டர் கூடுதல். நம்பாமல் இன்னொரு தடவை அளந்தார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல், "சாயங்காலத்துக்குள்ள எல்லாரையும் மண்டபத்துக்கு மாத்திடுங்க," என்றார்.

தங்கராஜு வீட்டுக் கேஸ் சிலிண்டரின் ஒரு பக்கத்தை நான் பிடித்தேன், மறுபக்கத்தை அவர். ரூபினி எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அவர் திட்டட்டும் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தேவலை.

"மூணு மாசமா வெரல உட்டுக் காட்டுனேன் தம்பி," என்றார், மூச்சு வாங்கியபடி. "ஒருத்தனும் கேக்கல. நீ எழுதுனதத்தான் நம்புனாங்க."

படிகள் மழையில் பாசி பிடித்திருந்தன. அவர் கனமான பக்கத்தைத் தன்னிடம் சாய்த்துக்கொண்டார்.

"வழுக்கும்லா. பாத்து எறங்கு."