நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. ஆயகூச்சோ நகரச் சந்தையில் ரொட்டி விற்கும் டெல்ஃபினா வில்காவினுடையது. பதினோரு வருடம் அவளிடம் ரொட்டி வாங்கிய பிறகு, ஒரு மழைக் காலையில் தானாகவே சொன்னாள். “எழுதிக்குங்க. ஆனா என்னை நல்லவளாக்கிடாதீங்க.”

2

முதல் தொடக்கம்: ‘1984-இல் சாக்கியாபம்பா மலையூரில் பயங்கரவாதத்தை ஒடுக்கும் பொருட்டு அரசு…’

(நிறுத்திவிட்டேன். அறிக்கைகளில் மலையூர்க்காரர்கள் வெறும் எண்ணிக்கைதான்.)

இரண்டாவது: பனிமூட்டம் அந்த ஊரை மெல்லத் தூக்கிக்கொண்டு எங்கோ போய்க்கொண்டிருந்தது.

இது இருக்கட்டும். அந்த மூட்டத்துக்குள் ராணுவ லாரிகள் வந்து நின்றன. முந்தின வாரம் புரட்சிக்காரர்கள் ஊர்த்தலைவரைச் சதுக்கத்தில் சுட்டுக் கொன்றிருந்தார்கள். சுட்டவன் முகத்தை மூடியிருந்தான். ஆனாலும் ஊர்மன்றத்தில் தட்டச்சு வேலை பார்த்த டெல்ஃபினாவுக்கு அந்தக் கண்கள் தெரியும். அவள் மகனின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்ற பள்ளி ஆசிரியர் தெயோதோசியோவின் கண்கள்.

3

ஊர்மன்றத்தில் டெல்ஃபினாவின் மேசை முன் நின்ற கேப்டன் கடற்கரை ஊர்க்காரர். மலைக்காற்றில் அவருக்கு மூச்சு வாங்கியது.

“அந்தப் புரட்சிக்காரங்களுக்குச் சோறு போட்டது யார் யாருன்னு மத்தியானத்துக்குள்ள எனக்கு லிஸ்ட் வேணும்.”

“துப்பாக்கியோட வந்து கேட்டா யாருங்கய்யா போடமாட்டாங்க? காலையில உங்க ஆளுங்களுக்கும் நாங்கதானே போட்டோம்?”

“வாய் ஜாஸ்தி உனக்கு. சரி, சுட்டவன் பேரை மட்டும் சொல்லு. ஒரே ஒரு பேரு.”

(இங்கே கேப்டனை அரக்கனாக எழுதி, பிறகு அடித்துவிட்டேன். அவருக்கு இருபத்தாறு வயது. கூடப் படித்த நண்பன் போன மாதம் குண்டுவெடிப்பில் செத்திருந்தான்.)

“சொன்னா அவனை எந்தக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போவீங்க?”

கேப்டன் ஜன்னல் பக்கம் திரும்பினார். பள்ளத்தாக்கு இருந்த இடத்தில் வெள்ளையாக ஒன்றுமில்லாமை மிதந்தது. பக்கத்து ஊரில் இப்படிப் பெயர் சொல்லப்பட்ட ஒருவன் தன் மனைவி, தாய், மூன்று பிள்ளைகளோடு ராணுவத்தால் அந்த வெண்மைக்குள் நடத்திச் செல்லப்பட்டான். யாரும் திரும்பவில்லை.

“நீயே அரசாங்கமா இருந்தா என்ன பண்ணுவே?” கேலியாகத்தான் கேட்டார். ஆனால் பதிலுக்குக் காத்திருந்தார்.

“ஜட்ஜையும் கூட்டிட்டு வருவேங்கய்யா. லாரியிலதான் இடம் இருக்கே.”

பிறகு அவள், சோறு போட்டவர்களின் பட்டியலைத் தட்டச்சு அடிக்கத் தொடங்கினாள். முதலில் தன் பெயர். பிறகு பாதிரியார், செத்துப்போன தலைவரின் மனைவி, மருத்துவச்சி, மொத்த ஊரும். தெயோதோசியோ நாற்பத்தோராவது. தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோல் எழுத்துகள் விழுந்துகொண்டே இருந்தன என்றாள். கனவில் யாருடைய கைகளோ அடிப்பதுபோல் இருந்ததாம்.

4

(அ) கேப்டன் அவளைச் சுவரோரம் நிறுத்தினார்.

(ஆ) கேப்டன் வெட்கப்பட்டு…

இரண்டும் நடக்கவில்லை. அவர் நூற்றுப் பன்னிரண்டு பெயர்களையும் நிதானமாகப் படித்தார். விரல் எங்கேயும் நிற்கவில்லை. “இதை மேல அனுப்பினா ஊரையே கொளுத்தச் சொல்லுவாங்க” என்று முணுமுணுத்து, தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். சாயங்காலம் லாரிகள் போய்விட்டன. அந்த வருடம் சாக்கியாபம்பாவில் ஒருவர்கூடக் காணாமல் போகவில்லை.

இங்கேயே முடித்தால் அழகான கதைதான். ஆனால் டெல்ஃபினா நிறுத்தவில்லை. நாற்பது நாள் கழித்து தெயோதோசியோ அடுத்த ஊரில் இரண்டு பேரைக் கொன்றான்.

“ஜட்ஜு வந்திருந்தா அவன் பேரைச் சொல்லியிருப்பேங்க. வரலை. அதுக்கு அந்த ரெண்டு பேரு என்ன பண்ணுவாங்க?”

ரொட்டியை வாங்கிக்கொண்டு நின்றேன்.

5

செத்தவர்களில் ஒருவனுடைய மனைவி எபிஃபானியா. வருடா வருடம் அந்த ஊர் மாதா கோயிலில் அவள் கணவனுக்காக நடக்கும் நினைவுப் பூசைக்கு டெல்ஃபினா போகிறாள். கோயிலுக்குள் நுழைவதில்லை, வெளியே மூட்டத்தில் நிற்பாள். போன வருடம் பூசை நடுவில் எபிஃபானியா எழுந்து வெளியே வந்தாள்.

“அவன் கொலைகாரன்னு உனக்கு முன்னாடியே தெரியுமாமே?”

“தெரியும்.”

அதற்கப்புறம் என்ன நடந்தது என்று டெல்ஃபினா சொல்லவில்லை. நான் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கன்னத்தில் அறை விழுந்தது, ஒன்றில் இருவரும் அழுதார்கள், ஒன்றில் எபிஃபானியா கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்றையும் கிழித்துவிட்டேன். கணவனைப் பறிகொடுத்தவள் நான் இல்லை.

எபிஃபானியா இன்னும் கோயில் வாசலில் நிற்கிறாள். வாயைத் திறக்கிறாள். என்ன சொல்கிறாள், நீங்கள் சொல்லுங்கள்.