டெம்பர் பாய் இணைப்பில் இருக்கிறார்

செல்போன் அந்த விரலை ஏற்கவில்லை. ஃபர்ஹீன் அத்தாவின் கட்டைவிரலைத் துப்பட்டாவில் துடைத்து மறுபடி வைத்துப் பார்த்தாள். மீண்டும் முயற்சி செய்யுங்கள் என்றது திரை. விரல் சில்லிட்டிருந்தது. ஊட்டியில் பிறந்தவளுக்குச் சில்லிட்ட விரல் புதிதில்லை. ஆனால் இந்தக் குளிர் தேய்த்தால் போகிற குளிர் இல்லை.

"குளிப்பாட்டறவங்க வந்துட்டாங்க. உள்ள என்ன பண்ற?"

அத்தாவின் தம்பி ஜாகீர் சிச்சா கதவருகில் நின்றார். ஃபர்ஹீன் அந்தக் கையைப் போர்வைக்குள் வைத்துவிட்டு எழுந்தாள்.

"போன் எதுக்கு?" சிச்சாவின் பார்வை அவள் கைக்குப் போனது. "மையத்து மொகத்தைப் படம் கிடம் எடுத்துராத கண்ணு. நம்மள்ல வழக்கமில்ல. அண்ணனுக்கும் புடிக்காது."

"எடுக்கல சிச்சா."

"எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டாங்கன்னா நான் மனுசனா இருக்க மாட்டேன். சொந்தக்காரங்க அத்தனை பேருக்கும் சொல்லி வச்சிருக்கறேன்."

அவள் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்கு அடுப்புப் பற்றவைக்காததால் அங்கே யாரும் வரமாட்டார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று சும்மா தட்டிப் பார்த்தாள். திறந்துகொண்டது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பின் பின்னாலேயே கண்ணும் நிறைந்தது. ஊட்டி பஜாரில் செல்போன் உறை, சார்ஜர், திரைமேல் ஒட்டுகிற டெம்பர் கண்ணாடி எல்லாம் விற்கிற சின்னக் கடை அத்தா அயூபுடையது. ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று பூட்டு வைத்திருக்கும் வாடிக்கையாளர்களை அவர் விடவே மாட்டார். "ஊட்டத் தொறந்து போட்டுட்டுத் தூங்கறீங்களாக்கும்?" என்பார். தன் வீட்டை அவரும் திறந்துதான் போட்டிருந்திருக்கிறார்.

முந்தின நாள் சாயங்காலம் அத்தா தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். இதயம் பாதிதான் வேலை செய்கிறது, கோயமுத்தூருக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "மலை எறங்குனா நான் திரும்ப ஏற மாட்டேன்" என்று மறுத்துவிட்டார். அம்மா கஞ்சி எடுத்துவரப் போன நேரம் பார்த்து மகளைக் கிட்டே கூப்பிட்டார்.

"மடத்துல சொல்லிரு."

"எந்த மடம்த்தா?"

"போன்ல இருக்குது. எல்லாத்தையும் மன்னிச்சுக்கச் சொல்லு. அங்க எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி."

அவ்வளவுதான் சொன்னார். விடியக்காலைப் பாங்கு சொல்லி முடிப்பதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

மன்னிப்பு என்று அவர் சொன்னது அவளுக்குப் புரிந்துதான் இருந்தது. ஜனாஸா தொழுகைக்கு முன் இறந்தவரின் ரத்த உறவு ஒருவர் வரிசையைப் பார்த்து நின்று, இவரால் யாருக்காவது மனம் நொந்திருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று கேட்பார். கூட்டம் மன்னித்தோம் என்று சொல்லும். அதற்குப் பிறகுதான் தொழுகை. தெருக்காரர்களிடம் சிச்சா கேட்டுக்கொள்வார். மடத்துக்காரர்களிடம் கேட்பதை அத்தா மகளிடம் விட்டுப் போயிருந்தார்.

சார்ஜர் மடம் என்பது அத்தாவின் போனில் இருந்த அரட்டைத் தளத்தின் பெயர். என்ன செல்போன் வரப்போகிறது, எந்தக் கம்பெனி எதை மறைக்கிறது, ஏழாம் சந்திரன் என்ற ஜப்பான் கார்ட்டூனில் அடுத்து யார் சாவார் என்று ராப்பகலாகப் பேசித் தீர்க்கிற கூட்டம். ஸ்பாய்லர் சித்தப்பு என்று ஒருவர், கேபிள் சாமி என்று ஒருவர், பந்தலூர் பாப்பா என்று ஒருத்தி. அங்கே அத்தாவின் பெயர் டெம்பர் பாய். யார் எந்தச் செய்தியைக் கொண்டுவந்தாலும் டெம்பர் பாய் அதன் கீழே ஒரே ஒரு வார்த்தை போடுவார்.

ஆதாரம்?

அதை மடத்துக்காரர்கள் படமாகவே செய்து வைத்திருந்தார்கள். தொப்பி போட்ட பூனை ஒன்று பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு கேட்கும்: ஆதாரம்?

இந்த மனுஷரா வீட்டில் ஒரு நாளைக்கு ஒன்பது வார்த்தை பேசியவர் என்று இருந்தது ஃபர்ஹீனுக்கு. யோசித்து யோசித்து எழுதினாள்.

'நான் அவருடைய மகள் எழுதுகிறேன். டெம்பர் பாய் இன்று அதிகாலை காலமானார். உங்களில் யாருடைய மனதையாவது அவர் நோகடித்திருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளச் சொன்னார்.'

அனுப்பிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வதற்குள் டிங் என்றது. இன்னொரு டிங். பிறகு நிற்கவே இல்லை.

'ஹாஹாஹா. பாய், மறுபடியுமா?'

'போன தடவை அழுத கண்ணீரையே இன்னும் திருப்பித் தரலை நீங்க.'

'மகள் எழுதுகிறேன்! அதே வசனம்! புதுசா யோசிங்க பாய்.'

அதன் கீழே வரிசையாகத் தொப்பிப் பூனை. ஆதாரம்? ஆதாரம்? ஆதாரம்?

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பழையவற்றைத் தேடிக்கொண்டு மேலே போனாள். ஏப்ரல் மாதத்தில் கிடைத்தது. டெம்பர் பாயின் கணக்கிலிருந்து: 'நான் அவருடைய மகள் எழுதுகிறேன். அத்தா இன்று காலமானார்.' அதன் கீழே நூற்றுக்கணக்கில் அழுகை. பந்தலூர் பாப்பா ஒரு பாட்டே எழுதியிருந்தாள். மறுநாள் டெம்பர் பாய் எழுந்து வந்து சிரித்திருந்தார்: 'ஆதாரம் கேக்காம அழுத அத்தனை பேரும் ஃபெயில். சாவுச் செய்திக்குத்தான் மொதல்ல ஆதாரம் கேக்கோணும். இனிமே இது மடத்துச் சட்டம்.'

தன் வாயால் அவள் சொல்லப்போகிற வரியை அத்தா மூன்று மாதத்துக்கு முன்பே சொல்லி, அதைப் பொய்யாக்கிவிட்டுப் போயிருந்தார்.

அடுத்த அறையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. மொண்டு மொண்டு, நிதானமாக ஊற்றினார்கள். ஃபர்ஹீன் மறுபடி எழுதினாள். 'இது விளையாட்டு இல்லை. சத்தியமாக.' பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்ன மவுத் அறிவிப்பை அப்படியே எழுதிப் போட்டாள். காந்தல் தெரு, மதியம் லுஹர் தொழுகைக்குப் பின் அடக்கம்.

'எழுதறதுக்கு என்ன, நானும் எழுதுவேன்' என்றார் கேபிள் சாமி. 'முகத்தைப் போடுங்க. சட்டம் பாயோடது.'

'செத்தவரு பேருக்குப் பக்கத்துல பச்சை விளக்கு எரியுது பாருங்கப்பா. ஆளு ஆன்லைன்ல உக்காந்து நம்மளப் பாத்துச் சிரிக்கறாரு.'

அவளும் பார்த்தாள். எரியத்தான் செய்தது. அவள் உள்ளே இருக்கிறவரை அத்தா இருப்பதாகத்தான் காட்டும். டெம்பர் பாய் இணைப்பில் இருக்கிறார்.

அப்போதுதான் காட்டுப்பூனை வந்தான்.

'அட்ரஸைச் சொல்லிட்டாங்கல்ல? நான் மசினகுடியில இருந்து கெளம்பறேன். கல்லட்டி ஏறுனா ஊட்டி. நேர்ல போயி நேரலையில காட்டறேன். இன்னைக்கு நான் கேக்கறேன்: ஆதாரம்?'

மடம் கைதட்டியது. காட்டுப்பூனை யார் என்று ஃபர்ஹீன் தேடினாள். ஜீப் ஓட்டுகிற ரவிக்குமார். காட்டில் கருஞ்சிறுத்தையைத் தான் எடுத்ததாக ஒரு படம் போட்டிருக்கிறான். நிழல் சரியில்லை, கம்ப்யூட்டர் வரைந்தது என்று டெம்பர் பாய் அதைக் கிழித்திருக்கிறார். 'நான் என் ரெண்டு கண்ணால பாத்தது பாய்' என்று அவன் எழுதியதன் கீழே தொப்பிப் பூனை. அன்றிலிருந்து அவன் மடத்துக்குப் பொய்ப்பூனை. வாய் திறந்தாலே சிரிப்பார்கள்.

கல்லட்டி மலைப்பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் எண் போட்ட பலகை இருக்கும். அந்தப் பலகைகளைப் படமெடுத்து ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தான் ரவிக்குமார். ஒவ்வொரு படத்திலும் மூடுபனி கொஞ்சம் கூடியிருந்தது.

"யார்ரீ அது டிங்கு டிங்குன்னு?" உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "நிறுத்திரு கண்ணு. அவுங்க கையில இருக்கற மாதிரியே இருக்குது."

ஃபர்ஹீன் சத்தத்தை அணைத்தாள். அணைத்த பிறகும் பலகைகள் வந்துகொண்டுதான் இருந்தன.

சிச்சாவிடம் சொல்லலாம். சொன்னால் அவனைத் தெருமுனையிலேயே மடக்கி அனுப்பிவிடுவார். மடம் அதற்கும் சிரிக்கும். அத்தா கேட்ட மன்னிப்பு எவர் வாயிலிருந்தும் வராது. சொல்லாவிட்டால் அவன் வந்து அத்தாவின் முகத்தை ஊருக்கெல்லாம் காட்டுவான். வெளியேறிவிட்டால் பச்சை விளக்கு அணையும், சண்டையாவது ஓயும். ஆனால் உள்ளே இருப்பவர்களுக்குத்தான் நேரலை தெரியும். அவன் என்ன செய்கிறான் என்று பிறகு பார்க்க முடியாது.

கடைசியில் அவனுக்கு மட்டும் தனியாக ஒரு வரி அனுப்பினாள். 'முகத்தை மட்டும் எடுக்காதீங்க அண்ணா.'

அடுத்து மடத்தில் வந்தது, ஊட்டிக்குப் பக்கத்துத் தலைகுந்தாவின் பலகை.

"மொகம் பாக்கறவங்க வந்து பாத்துக்குங்க!" என்று கூப்பிட்டார் சிச்சா.

வெள்ளைத் துணிக்குள் அத்தாவின் முகம் மட்டும் தெரிந்தது. தாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றது. உதட்டோரம் லேசாகச் சுழித்திருந்தது. யாரையோ மாட்டிவிட்டுக் காத்திருக்கிறவர் மாதிரி. ஃபர்ஹீன் ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவர் எழுந்து சிரித்துவிடுவார் என்று நின்றாள். பிறகு துணியை மூடினார்கள். சந்தூக் பெட்டியைத் தூக்கினார்கள். கலிமா சொல்லும் குரல்கள் படியிறங்கி, தெருமுனை திரும்பி, பனிக்குள் போய்விட்டன.

வீட்டில் பெண்கள் மட்டும் மிச்சமிருந்தார்கள். அடக்கம் செய்யும் கபர்ஸ்தானுக்குப் பெண்கள் போவதில்லை. அம்மா, கணவனை இழந்தவர் ஒதுங்கியிருக்கும் இத்தாவுக்கான அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். ஃபர்ஹீன் சமையலறைக்குத் திரும்பி வந்து ஒரு கையில் அத்தாவின் போனையும், மறு கையில் சிச்சாவின் எண்ணை எடுத்து வைத்துத் தன் போனையும் பிடித்துக்கொண்டாள்.

நேரலை தொடங்கியிருந்தது. அணைத்திருந்த சத்தத்தைத் திரும்ப வைத்தாள்.

முதலில் வெறும் வெள்ளை. பிறகு கபர்ஸ்தானின் இரும்புக் கதவு. தொப்பிகள். ஒவ்வொருவர் வாயிலிருந்தும் பனிப்புகை. கேமரா பிடித்திருந்தவனின் மூச்சு சத்தமாகக் கேட்டது.

'பனி மெஷின் வாடகைக்கு எடுத்திருக்காருப்பா பாய்!'

'செட்டு சூப்பர்.'

'கிட்டப் போ பூனை.'

சிச்சாவின் குரல் உடைந்து வந்தது. "எங்கண்ணன் அயூபு... அவரு வாயால, கையால யாருக்காச்சும் மனசு நொந்திருந்தா அல்லாவுக்காக மன்னிச்சிருங்க."

"மன்னிச்சோம்" என்றது வரிசை. ஃபர்ஹீன் காதைத் திரையோடு ஒட்டிக் கேட்டாள். கேமராவுக்குப் பின்னால் இருந்தவன் வாயைத் திறக்கவில்லை.

தொழுகை முடிந்தது. சந்தூக் நகர்ந்தது, கேமராவும் கூடவே நகர்ந்தது. யார் யாருடைய தோளுக்கோ இடையில் புகுந்து குழியின் விளிம்புக்கு வந்து நின்றது. குழிக்குள் இறங்கிய சிச்சாவும் இன்னொருவரும் அத்தாவைத் தூக்கி வாங்குவது தெரிந்தது. துணியின் முடிச்சை அவிழ்க்கக் குனிந்தார்கள். கன்னத்தை மண்ணில் பதியவைக்க அங்கேதான் முகத்தைத் திறப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

'இப்பதான்! இப்பதான்!'

'ஜூம் பண்ணு!'

'ஆதாரம்! ஆதாரம்!'

கேமரா எட்டிப் பார்த்தது. ஃபர்ஹீனின் விரல் சிச்சாவின் எண்ணுக்கு மேலே போனது. அழைத்தாலும் குழிக்குள் நிற்கிறவர் எப்படி எடுப்பார் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

சிச்சாவின் கை முடிச்சை அவிழ்த்தது. வெள்ளைத் துணி விலகியது.

திரையில் வானம் வந்தது. ஒரு யூக்கலிப்டஸ் உச்சி. ஒரு சட்டைப் பொத்தான். பிறகு ஒரே இருட்டு.

இருட்டுக்குள் துணி உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டான். அணைக்கவில்லை. இதயம் அடிப்பதா, நடப்பதா என்று தெரியாத ஒரு தடதடப்பு. "தள்ளிக்குங்க, நானும் ஒரு கை போட்டுக்கறேனுங்க." அவன் குரல்தான். மண் விழுந்தது. மறுபடி. மூன்றாவது பிடிக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"மன்னிச்சுட்டேன் பாய்."

பைக்கு வெகு அருகிலிருந்து வந்ததால் அந்த ஒரு குரல் மட்டும் சமையலறை முழுக்கக் கேட்டது. "ஆனா, அது நெசமான சிறுத்தைங்க."

பிறகு மண்வெட்டிகளின் சத்தம்.

மடம் கொந்தளித்துக்கொண்டிருந்தது. ஏன் இருட்டு? முகம் எங்கே? பொய்ப்பூனையும் பாயும் கூட்டு. ரெண்டு பேரும் சேர்ந்து செட்டுப் போட்டிருக்காங்க. அடுத்த ஏப்ரல் வரைக்கும் பொறுங்க, எந்திரிச்சு வருவாரு. பச்சை விளக்கு எரியுதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க.

எரிந்தது.

திரையின் மேல்மூலையில் பேட்டரி சிவந்திருந்தது. சார்ஜர் கைக்கெட்டும் தூரத்தில், அத்தா மாட்டிய ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஃபர்ஹீன் அதை எடுக்கவில்லை. வெளியேறும் பொத்தானையும் அழுத்தவில்லை. தரையில் உட்கார்ந்து, மண்வெட்டிச் சத்தம் நிற்கும்வரை போனை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

பேட்டரி தீர்ந்து, திரை மங்கி, தானாகவே அணைந்தது.

கறுத்த கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் விழுந்தபோதுதான் கவனித்தாள். ஊரார் போனுக்கெல்லாம் ஒரு குமிழி இல்லாமல் டெம்பர் ஒட்டுகிறவர், தன்னுடையதில் ஓரமாக ஒரு காற்றுக்குமிழியை விட்டு வைத்திருந்தார். அவள் கட்டைவிரலால் அதை மெல்ல ஓரத்துக்குத் தள்ளினாள். குமிழி நழுவிக் கொஞ்சம் தள்ளிப் போய், அங்கேயே நின்றது.