டீச்சர் வண்டியின் மிஸ்ஸிங்

உலகத்தில் காரணம் இல்லாமல் எதுவும் நிகழ்வதில்லை. கோள்கள் சுழல்வதும், பேரரசுகள் சரிவதும், நாலு சிலிண்டரில் ஒன்று மட்டும் எரிய மறுப்பதும் காரணத்தோடுதான். இந்த மகா உண்மையைத் தன் பட்டறைச் சுவரில் ஆள் உயர எழுத்தில் பொறிக்க ஏற்பாடு செய்தவர் அனிபால் திபதுயிசா. எழுத வந்த பெயிண்டர் காலையிலேயே கொஞ்சம் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். எங்கள் மொழியில் ‘காவ்ஸா’ என்றால் காரணம்; நடுவில் ஓர் எழுத்து விட்டுப்போனால் ‘காஸா’, அதாவது வீடு, ஆகிவிடும். ஆகவே ‘வீடு இல்லாமல் எதுவும் நிகழ்வதில்லை’ என்று ஒன்பது வருடமாக அந்தச் சுவர் சோகமோசோ நகரத்துக்குப் போதித்துக்கொண்டிருக்கிறது.

ஊரின் பேரில்தான் சோகமும் மோசமும். மற்றபடி நல்ல ஊர்; குளிர் மட்டும் ஜாஸ்தி. அந்தக் குளிரிலும் அனிபால் கம்பளி போர்த்த மாட்டார். வெள்ளைக் கோட்டுதான். பட்டறையின் பெயரே ‘எஞ்சின் கிளினிக்’ என்பதால் கழுத்தில் ஒரு ஸ்டெதாஸ்கோப்பும் தொங்கும். வண்டிக்காரர்கள் அவரிடம் “ரிப்பேர்” என்று சொல்லக் கூடாது. “சிகிச்சை” என்று சொல்ல வேண்டும். எதிர்க்கடையில் காபியும் சோள அடையும் விற்கும் நுபியா மட்டும் இதற்கெல்லாம் மசிவதில்லை.

ஜூலை மாதம் கார்மென் மாதா திருநாளில் ஊரிலுள்ள டிரைவர்கள் எல்லாரும் வண்டிக்குப் பலூனும் ரிப்பனும் கட்டி, கோயில் வாசலில் வரிசையாக நிறுத்தி, ஹார்னை அலறவிட்டு, சாமியார் கையால் தீர்த்தம் தெளித்துக்கொள்வார்கள். அனிபால் பட்டறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

“பிளக்குக்கு இடைவெளி தெரியும். பக்தி தெரியாது” என்பார், போகிற ஒவ்வொரு வண்டியையும் பார்த்து.

இப்பேர்ப்பட்ட மனிதரை ஒரு பழைய ‘ரெனோ நாலு’ கார், ஐந்து மாதமாகக் கதறடித்துக்கொண்டிருந்தது. எழுபத்தொன்பதாம் வருடத்து வண்டி. சொந்தக்காரி ஒதிலியா டீச்சர். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், தனி ஆள். மேலே ஏரிக்கரையில் அவருக்கு வெங்காயத்தாள் போட்ட ஒரு துண்டு நிலமும் சின்ன வீடும் உண்டு. வாரத்துக்கு மூன்று முறை பின்சீட்டு நிறையக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு மலையிறங்கி வருவார். வண்டி வந்து நிற்பதற்கு முன்னாலேயே வாசனை வந்துவிடும். அந்த வாசனைக்கு அனிபாலின் கை தானாகத் தலையைக் கோதும். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. மனைவி போய்ப் பன்னிரண்டு வருடம். கோதுவதற்குத் தலையில் அதிகம் மிச்சமில்லை.

வண்டிக்கு வந்த நோய், மிஸ்ஸிங். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு சிலிண்டர் திடீரென்று வேலைநிறுத்தம் செய்யும். வண்டி விக்கும், குலுங்கும், நடுவழியில் நின்றும் போகும். அனிபால் பிளக்குகளை மாற்றினார். ஒயர்களை மாற்றினார். பாயிண்ட், கண்டென்சர், கடைசியில் பிளக்குகளுக்கு நெருப்புப்பொறியைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியையே புதிதாகப் போட்டார். கார்புரேட்டரைக் கழற்றித் துணியில் பரப்பி, குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி கழுவினார். ஒவ்வொரு முறையும் பட்டறையை விட்டுப் போகும்போது எஞ்சின் தையல் மெஷின் போல ஓடும். நாலாம் நாள் மறுபடி விக்கும்.

அந்த வண்டிக்கு மட்டும் அவர் செய்கிற காரியம் இன்னொன்றும் இருந்தது. வேலையெல்லாம் முடிந்ததும் ஷட்டரைப் பாதி இறக்குவார். பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய எலுமிச்சைச் சோடா பாட்டிலை எடுப்பார். அதற்குள் கோயில் தீர்த்தம். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, எஞ்சின் மேல் தாராளமாகத் தெளிப்பார். ஏரிச் சாலையில் முப்பத்தேழு வளைவு. பாதிக்குத் தடுப்புச்சுவர் கிடையாது. விஞ்ஞானம் விஞ்ஞானம்தான். இருந்தாலும் வண்டியில் போவது டீச்சர்.

செவ்வாய்க்கிழமை டீச்சர் வந்தபோது முகம் சரியில்லை.

“மேஸ்திரி, சனிக்கிழமை ஒருத்தர் வண்டியப் பாக்க வர்றார்” என்றார்.

“சிகிச்சைக்கா டீச்சர்?”

“வாங்குறதுக்கு. கூரைய அறுத்துட்டு ஹாட் டாக் கடை போடப்போறாராம்.”

அனிபாலின் கையிலிருந்த ஸ்பானர் தரையில் விழுந்தது.

“வண்டி இல்லாம நீங்க எப்படி ஏரியில…”

“ஏரியில இருக்கப் போறதில்ல. பொகோட்டாவுல மகன் வீட்டுக்கே போயிடலாம்னு இருக்கேன். எட்டாவது மாடியாம். ஜன்னல்ல ரெண்டு தொட்டி வச்சு வெங்காயம் போட்டுக்கலாம்கறான்.” டீச்சர் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினார். “போன வாரம் வளைவுல நின்னுபோச்சு மேஸ்திரி. பின்னாடி லாரி. எனக்கும் வயசாகுது.”

தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நுபியா குரல் கொடுத்தாள்: “என்ன டாக்டரே, நோயாளி கைய விட்டுப் போகுதா? ஸ்டெதாஸ்கோப்ப உங்க நெஞ்சுல வச்சுப் பாத்துக்குங்க!”

“நீ அடைய தீய விடாதே!” என்று கத்தினார் அனிபால். ஆனால் குரலில் சத்து இல்லை. “ஒரே ஒரு தடவை, டீச்சர். கடைசியா ஒரு தடவை பாத்துடறேன்.”

டீச்சர் யோசித்தார். ஒரு கணக்கு ஐந்து முறை தப்பாக வந்தால் ஆறாம் முறையும் அதே வழியில் போட அவர் ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை.

“நீங்க எப்பப் பாக்குறீங்க? வெயில் ஏறி, காபி குடிச்சு, பத்தரை மணிக்கு. அப்ப அது ஒழுங்காத்தான் இருக்கு. எனக்கு மிஸ்ஸிங் வர்றது காலையில, பனியில. வியாழக்கிழமை ஆறு மணிக்கு வர்றேன். எஞ்சின அணைக்காமலே பாருங்க.”

ஐந்து மாதமாகத் தனக்கு இது தோன்றவில்லையே என்பதை அனிபால் வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. “நானும் அதத்தான் சொல்ல வந்தேன்” என்றார்.

வியாழன் காலை மூடுபனி தெருவையே விழுங்கியிருந்தது. டீச்சரின் வண்டி விக்கிக்கொண்டே வந்து நின்றது. அனிபால் பானெட்டைத் தூக்கி, ரப்பர் கையுறையோடு பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். ஒன்றாவதைப் பிடுங்கினால் எஞ்சின் தள்ளாடியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைப் பிடுங்கியபோது எந்த மாற்றமும் இல்லை. அங்கேதான் நெருப்பு போய்ச் சேரவில்லை.

“நெருப்பு வேற எங்கேயோ ஒழுகுது. கண்ணால பாக்கணும். இருட்டு வேணும்” என்று முணுமுணுத்தார்.

“இதோ” என்று டீச்சர் தன் ருவானாவைக் கழற்றினார். கழுத்து நுழைய நடுவில் கிழிசல் வைத்த கனத்த கம்பளி அது. அதை அவர் எஞ்சின் மேலும் அனிபாலின் தலை மேலும் போர்த்தினார். பிறகு தானும் உள்ளே நுழைந்தார். “நானும் பாக்கணும். அஞ்சு மாசமா என்னைப் படுத்துனது எதுன்னு எனக்கும் தெரிய வேணாமா?”

கம்பளிக்குள் வெங்காயமும் பெட்ரோலும் மணந்தன. எஞ்சின் துடித்தது. அனிபாலின் காதில் வேறொன்றும் துடித்தது.

“மேஸ்திரி, மூச்சு விடுங்க” என்றார் டீச்சர்.

அப்போது தெரிந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் மேல், ஒரு முனையிலிருந்து பக்கத்து முனைக்கு, நீல நூல் ஒன்று நெளிந்து ஓடியது. மறைந்தது. மறுபடி ஓடியது.

“அழகா இருக்கே” என்றார் டீச்சர் மெதுவாக.

“ஆமா” என்றார் அனிபால். அவர் மூடியைப் பார்க்கவில்லை.

கம்பளிக்கு வெளியே நுபியாவின் குரல்: “கடவுளே! ரெண்டு பேருக்கும் தலையக் காணோம்! யாராவது சாமியாரக் கூப்பிடுங்க!”

எஞ்சினை அணைத்து, மூடியைக் கழற்றி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். முனைகளுக்கு நடுவே வெள்ளையாகப் பூத்திருந்தது. அனிபால் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

“உப்பு.”

“உப்பா?” டீச்சரும் தொட்டு நக்கிப் பார்த்தார். “உப்புதான். காஞ்சிருந்தா சும்மா கிடக்கும், பனி பட்டா ஈரமாகி மின்சாரத்தக் கடத்தும். கணக்கு சரியா வருது. ஆனா இந்த மலைக்கு உப்பு எங்கேருந்து வந்தது? கடல் எங்கேயோ கிடக்கு.”

அனிபாலுக்கு எங்கேயிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. சாமியார் ஆன்செல்மோ பழைய முறைக்காரர். உப்பை மந்திரித்துத் தீர்த்தத்தில் கலப்பவர். கையும் கொஞ்சம் தாராளம். வெள்ளைக் கோட்டு திடீரென்று இறுக்கமாக இருந்தது. காற்று, தார், வெங்காய உரம் என்று ஏதாவது சொல்லிவிடலாம். டீச்சர் நம்பக்கூடச் செய்வார். அனிபால் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் கைவிட்டு, சோடா பாட்டிலை எடுத்து வந்து டீச்சர் முன்னால் வைத்தார்.

“கோயில் தீர்த்தம்” என்றார். “ஒவ்வொரு தடவையும் வேலை முடிஞ்சதும் எஞ்சின்ல தெளிப்பேன். புது மூடிக்கும் தெளிச்சேன். அதுக்குக் கொஞ்சம் அதிகமாவே.”

டீச்சர் பாட்டிலைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

“எல்லா வண்டிக்கும் தெளிப்பீங்களா?”

“இல்ல.”

“ஏன்?”

“மத்தவங்க போறது ஏரி ரோடு இல்ல, டீச்சர்.”

“லாரிக்காரங்க தினம் போறாங்களே.”

“அவங்க…” அனிபால் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிக் கையில் சுருட்டினார். “அவங்களுக்காக நான் அவ்வளவு பயப்படறதில்ல.”

டீச்சர் மூடியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, ருவானாவின் ஓரத்தால் ஒவ்வொரு முனையாகத் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, விடைத்தாளைத் திருப்பித் தருவது போல அவரிடம் நீட்டினார்.

“இனிமே எனக்காக வேண்டிக்கணும்னா காய்ஞ்ச கையோட வேண்டிக்குங்க, அனிபால்” என்றார்.

அவர் பெயரை டீச்சர் சொன்னது அதுதான் முதல் தடவை.

மூடியை மாட்டிச் சாவியைத் திருப்பியதும் பனிக்கு நடுவே நாலு சிலிண்டரும் ஒரே குரலில் பேசின.

“அப்ப, சனிக்கிழமை…?” என்று அனிபால் கேட்டார்.

“ஹாட் டாக்காரருக்கு வேற கூரை கிடைக்கும். ஆனா நான் வெறும் வாய்ப்பேச்ச நம்பறவ இல்ல. ஏறுங்க. ஏரி வரைக்கும் போய் நிரூபிச்சுட்டு வரலாம். வீட்ல சூப் இருக்கு.”

அனிபால் கோட்டைச் சரிசெய்துகொண்டு, ஒரு தலைமை மருத்துவரின் தோரணையில் டீச்சர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். நுபியா நாலு சோள அடையைத் தாளில் சுற்றி ஜன்னல் வழியாக நீட்டி, முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

முப்பத்தேழு வளைவிலும் எஞ்சின் ஒருமுறைகூட விக்கவில்லை. அனிபால் மூன்று முறை வாந்தி எடுத்தார்.